கொக்கோச் சட்டியும் கை நனைக்காத சம்பந்தியும்

1

கொக்கோ காய்ச்ச மூன்று மணி நேரம் ஆகும் என்று நம் தேயிலைத் தோட்டத்தில் யாராவது சொல்லியிருந்தால், அந்த ஆளைக் கோயிலுக்குக் கூட்டிப்போய் மந்திரித்துத்தான் வீட்டுக்கு அனுப்பியிருப்போம். இங்கே அதற்கென்று ஒரு மிஷினே விற்கிறார்கள். பேர் ஸ்லோ குக்கர். மெதுவாகத்தான் வேலை செய்வேன் என்று பேரிலேயே சொல்லிவிட்டது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டில் வந்து நின்று ஒருத்தி இப்படிச் சொல்லியிருந்தால், வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு ஐயா அன்றைக்கு அவளுக்குப் பேர் போட்டிருக்க மாட்டார்.

பார்க்கப் பெரிய மண்சட்டி மாதிரி இருக்கும். மேலே கண்ணாடி மூடி, பின்னால் மின்சார வயர். அடியில் தணல் இருக்கிறதா இல்லையா என்று தொட்டுப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். எங்கள் அடுப்பில் விறகை இழுத்து விட்டால் தணலில் இதே வேலை தானாக நடக்கும். அதைக் காசு கொடுத்து வாங்கி, டொராண்டோவில் ஒரு வீட்டு மேசையில் வைத்து, அது சூடாகிறவரைக்கும் சுற்றி நின்று பார்க்கிறார்கள்.

அந்தச் சட்டியை வைத்து என் மகளைப் பெண் கேட்டு வந்த அன்றைக்கு நடந்தது இலங்கையில் அட்டன் டவுன் வரைக்கும் கதையாகப் போயிருக்கிறது. சம்பந்தி வீட்டார் மேல் நான் சூடாக எதையோ ஊற்றிவிட்டேன் என்று ஒரு பேச்சாம். தங்கச்சி போனில் சொல்லிச் சிரித்தாள். நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்போடு நின்றவள், எழுதத் தெரிந்த அளவுக்கு எழுதுகிறேன். ஊற்றவே மாட்டோம் என்று நின்றதுதான் அன்றைக்குத் தகராறு. ஊற்றியதில் ஒன்றும் நடக்கவில்லை.

2

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும். பேர் முத்தையா. சாமான் கிடங்கில் பெட்டி அடுக்குகிற வேலை. குடி கிடையாது, வெள்ளிக்கிழமை மச்சம் மாமிசம் கிடையாது, கோயில் காரியத்துக்கு முதல் ஆளாக நிற்பார். ஒரே ஒரு பழக்கம்தான் கெட்ட பழக்கம். எந்த ஊர் என்று யாராவது கேட்டால், "கண்டிப் பக்கம்" என்பார்.

தேயிலை மலை மஸ்கெலியாவில் பிறந்து, மஸ்கெலியாவில் கல்யாணம் கட்டி, மஸ்கெலியாவில் இருந்து கிளம்பிய மனிதர். கண்டிக்கு அவர் போனது பெரஹரா ஊர்வலம் பார்க்கவும் பல்லுப் பிடுங்கவும்தான். அந்தப் 'பக்கம்' எவ்வளவு பெரிய பக்கம் என்று நானும் யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

காரணம் இல்லாமல் இல்லை. இங்கே தமிழ் ஆட்களில் முக்கால்வாசி யாழ்ப்பாணத்து ஆட்கள். கோயிலில் புதிதாக ஒருவரைப் பார்த்தால் பேரைக் கேட்க மாட்டார்கள், ஊரைக் கேட்பார்கள். ஊரைச் சொன்னால் எந்தப் பள்ளிக்கூடம், எந்தச் சந்து ஒழுங்கை, யாருடைய ஆட்கள் என்று இறங்கிக்கொண்டே போவார்கள், கிணற்றில் வாளி இறங்குகிற மாதிரி. இவர் கொழும்பில் கடைச் சிப்பந்தியாக இருந்தபோது ஒருத்தன் இவரைத் 'தோட்டக்காட்டான்' என்று சொல்லிவிட்டான். சொன்னவன் அன்றைக்குச் சாயங்காலமே மறந்திருப்பான். இவர் அதை விமானத்தில் ஏற்றி, கடல் தாண்டி, இறக்கி, பத்திரமாக வைத்திருக்கிறார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், கனடா அரசாங்கத்துக்கு நாங்கள் மஸ்கெலியா என்று தெரியும். குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது பிறந்த இடத்தைத் திருப்பித் திருப்பிக் கேட்டார்கள். அந்த வெள்ளைக்காரப் பெண் ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தட்டி எழுதினாள். இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. ஆக, பிரதம மந்திரி கேட்டால்கூடத் தெரிந்துகொள்ளலாம், கோயிலில் செருப்பு வைக்கிற இடத்தில் நிற்கிறவருக்குத்தான் தெரியக்கூடாது. வீட்டில் 'ஆமா' என்கிற மனிதர் கோயில் படியேறினால் 'ஓம்' என்பார். 'என்று' போய் 'எண்டு' வந்துவிடும். ஆனால் நடுவில் ஒரு 'இருக்காங்க' எட்டிப் பார்த்துவிடும், புதுச் சட்டைக்குள்ளிருந்து பழைய பெனியன் தெரிகிற மாதிரி.

"அம்மன் சந்நிதியிலே நின்னுக்கிட்டு ஊரை மாத்திச் சொல்றீங்களே, நேர்த்தி வெச்சது மட்டும் பலிக்கணுமா?" என்று ஒரு தடவை கேட்டேன்.

"சாமிக்குத்தான் எல்லாம் தெரியுமே புள்ள. பிறகென்ன?"

சாமிக்குத் தெரியும் என்பதுதானே எனக்குப் பயமே.

இப்படி இருக்கையில் எங்கள் ஒரே மகள் தர்ஷினி, இங்கே பிறந்து வளர்ந்தவள், கூட வேலை செய்கிற செந்தூரன் என்ற பையனைக் கட்டிக்கொள்ளப் போவதாகச் சொன்னாள். நல்ல பையன். யாழ்ப்பாணத்துக் குடும்பம். அம்மா அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பேச விரும்புகிறார்களாம். நான் சாமி படத்துக்கு முன்னால் கற்பூரம் ஏற்றினேன். இவர் சமையலறைக்கு வந்து தேயிலை டப்பாவைத் தூக்கி அலமாரியின் மேல் தட்டில், அரிசி மூட்டைக்குப் பின்னால் வைத்தார்.

"அவங்க வர்ற அன்னிக்கு இந்த வீட்டுல டீ வாசமே வரக்கூடாது."

"ஏங்க, என்ன ஆச்சு?"

"டீ குடுத்தா டீயைப் பத்திப் பேச்சு வரும். நல்ல சாயமா இருக்கே, எங்க வாங்கினீங்கம்பாங்க. அங்கேருந்து தோட்டத்துக்கு வர எவ்வளவு நேரம் ஆகும்?"

"அப்ப காப்பி குடுப்போம்."

"காப்பி குடுத்தா, ஏன் டீ இல்லையாம்பாங்க."

"பச்சத் தண்ணி குடுங்க. அதுக்கு ஊரு இல்ல."

அவர் அதையும் ஒரு நிமிடம் யோசித்தார், சத்தியமாக. அப்போது மேசையில் உட்கார்ந்திருந்த தர்ஷி, "ஹொட் சொக்லட் செய்யலாம்ப்பா. ஸ்லோ குக்கர்ல வெச்சா எல்லாருக்கும் ஒரே தரம் குடுத்திடலாம்" என்றாள்.

இவர் முகத்தைப் பார்க்க வேண்டும். இவருடைய தாய்மாமன் துரை பங்களாவில் சமையல்காரராக இருந்தவர். மழைக்காலத்தில் துரைசாணி போர்வைக்குள்ளே உட்கார்ந்து கொக்கோ குடிப்பார் என்று அவர் வந்து சொன்ன கதை எங்கள் லயம், அந்த வரிசை வீடுகள் முழுக்கத் தெரியும். "கொக்கோ" என்றார் இவர், ஏதோ பட்டம் வாங்கிய மாதிரி. "அதுதான் சரி. அதுதான் மதிப்பு."

3

செய்முறையை எழுதுகிறேன். யாரும் செய்து பார்க்க வேண்டும் என்பதற்காக இல்லை. எவ்வளவு வேலையை வேலையே இல்லை என்று சொல்லி விற்கிறார்கள் என்பதைத் தெரிந்துகொள்ளத்தான்.

கொக்கோத் தூளைக் கொஞ்சம் பாலில் குழைத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் கட்டி தட்டும். பிறகு கொழுப்பு எடுக்காத பால். அதற்கு மேல் கிரீம், அதாவது பாலில் இருந்து ஏற்கனவே எடுத்த கொழுப்பைத் திரும்பவும் பாலிலேயே ஊற்ற வேண்டும். ஒரு டின் பால். கறுப்புச் சொக்லட்டை உடைத்துப் போட வேண்டும். இனிப்பு தூக்கலாகத் தெரிய ஒரு சிட்டிகை உப்பு. கொஞ்சம் வெனிலா. எல்லாவற்றையும் சட்டிக்குள் போட்டு, குறைந்த சூட்டில் வைத்து, மூடி, கால் மணிக்கொரு தரம் திறந்து கிண்ட வேண்டும்.

"தானா செய்யும்னுதானேடி மிஷின் வாங்குன? கிண்டுறதுக்கு ஆளு நிக்கணும்னா எதுக்கு அது?"

"அடி பிடிக்காதும்மா. பொங்கவும் பொங்காது. எவ்வளவு நேரம் வெச்சாலும் வழியாது. அதுதான் இதோட ஸ்பெஷல்."

எனக்கு எரிச்சல் வந்தது. ஒரு நல்ல காரியத்துக்கு அடுப்பில் பால் வைத்தால் அது பொங்க வேண்டும் என்று சாமியைக் கும்பிட்டுக்கொண்டு நிற்கிற சாதி நாம். பொங்கவே பொங்காது என்று உத்தரவாதம் கொடுத்து ஒரு சட்டியைச் செய்தவன் எந்தத் தெய்வத்தைக் கும்பிடுகிறவனோ.

அதோடு விட்டாளா? மேலே மிதக்க விட வெள்ளை வெள்ளையாகப் பஞ்சு மிட்டாய் ஒரு பாக்கெட் வாங்கி வைத்திருந்தாள். மார்ஷ்மெல்லோவாம். இந்தச் சாமான்களில் மாட்டெலும்பும் பன்றித் தோலும் காய்ச்சிய பசை இருக்கும் என்று கோயில் ஐயரம்மா எனக்குச் சொல்லியிருக்கிறார். அம்மன் படத்துக்கு எதிரே வைத்து அதைச் சம்பந்திக்கு நீட்டவா? பாக்கெட்டோடு குப்பையில் போட்டேன். "அது வெஜிடேரியன்மா, படிச்சுப் பாருங்க" என்றாள். படித்துப் பார்த்தேன். எழுத்து எறும்பு அளவுக்கு இருந்தது. உண்மை பேசுகிறவன் எதற்கு அவ்வளவு சின்னதாக எழுதுகிறான்? எடுக்கவில்லை.

ஒரு கரண்டி ருசி பார்த்தேன். பொய் சொல்லக்கூடாது, ருசியாகத்தான் இருந்தது. ஆனால் குடிக்கிற சாமான் தொண்டையில் இறங்க வேண்டும். இது உதட்டிலேயே குடியிருந்தது.

ஞாயிறு காலையிலிருந்து அவள் அந்தச் சட்டிப் பக்கத்திலேயே நின்றாள். எனக்கு உள்ளுக்குள்ளே ஒரு குத்தல். இந்தப் பிள்ளைக்கு ஒரு கோலம் போட வராது. திருநீறு பூசச் சொன்னால் பவுடர் மாதிரி ஒற்றி எடுப்பாள். சின்ன வயதில் ஒரு தடவை மஸ்கெலியாவுக்குக் கூட்டிப் போனோம். காலில் அட்டை ஏறிவிட்டது என்று இங்கிலீஷில் அழுதாள். அட்டைக்கு என்ன இங்கிலீஷா தெரியும், அது தன் பாட்டுக்குக் குடித்தது. அதற்குப் பிறகு ஊர் என்ற பேச்சை எடுத்தாலே போனைப் பார்ப்பாள். இவளுக்கு வெட்கம்தான், அப்பன் பிள்ளைதானே என்று நினைத்துக்கொண்டு வெங்காயம் அரிந்தேன்.

4

இராகு காலத்துக்கு வெகு முன்னாலேயே வந்துவிட்டார்கள். செந்தூரன், அவனுடைய அம்மா, அப்பா. அப்பா கோட் போட்டிருந்தார். அம்மா பட்டுச்சேலை, கைப்பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். என் வீட்டுக்காரர் "வாங்கோ, இருங்கோ" என்றார். எனக்கு உடம்பு கூசியது.

பனியைப் பற்றிப் பேசினார்கள். ரோட்டைப் பற்றிப் பேசினார்கள். கோயிலில் கார் நிறுத்த இடமில்லாததைப் பற்றி நிறையப் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது.

இந்த இடத்தில் நம் பக்கத்து வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். ஊரில் இருக்கிற உங்களுக்குத் தெரியும், இங்கே பிறந்த பிள்ளைகள் படித்தால் தெரியட்டும். பெண் கேட்டு வந்தவர்கள் 'சரி' என்று வாயால் சொல்லாமல் பெண் வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார்கள். பெண் வீட்டாரும் நீட்டக் கூடாது. அவசரப்பட்டு நீட்டினால், எப்படியாவது எங்கள் பிள்ளையைத் தள்ளிக்கொண்டு போங்கள் என்று காலில் விழுகிற மாதிரி. வார்த்தை முதலில், தண்ணீர் பிறகு.

என்னைக் கேட்டு வந்தபோதும் அப்படித்தான். எங்கள் லயத்துக்கு இவர்கள் ஆட்கள் மழையில் நனைந்துகொண்டு வந்து சேர்ந்தார்கள். அந்தப் பங்களா மாமாதான் பேச்சாளர். பேசினார், பேசினார், அவர் பாட்டுக்குப் பேசினார். அடுப்பில் கேத்தல் கொதித்துக்கொண்டே இருந்தது. இவர் குளிரில் நடுங்கிக்கொண்டு கேத்தலையே பார்த்தார், என்னைப் பார்க்கவில்லை. கடைசியில் மாமா, "சரி, புள்ள எங்களோடது. இனித் தேத்தண்ணியக் கொண்டாங்க" என்ற பிறகுதான் கோப்பை வெளியே வந்தது. இதை நான் இனிக்கிற ஞாபகமாக எழுதவில்லை. இங்கே சிலர் லயத்துப் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு கண்ணீர் விடுகிறார்கள். அவர்களில் யாரும் ஒழுகுகிற தகரத்துக்குக் கீழே சட்டி வைத்துவிட்டு அந்தச் சட்டிக்குப் பக்கத்தில் படுத்தவர்கள் இல்லை. வழக்கம் அது, அவ்வளவுதான்.

அந்த வழக்கத்தை அன்றைக்கு நானும் வீட்டுக்காரரும் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாமலே காத்தோம். ஊரை மறைப்பதற்காகத் தேயிலை டப்பாவை மறைத்தவருக்கு இதை மறைக்கத் தோன்றவில்லை. இது ஒரு ஊருடைய வழக்கம் என்றே அவருக்குத் தெரியாது. உலகம் முழுக்க மனிதர்கள் இப்படித்தான் என்று நினைத்திருந்தார். நானும்தான்.

அவர்கள் பக்கம் அப்படி இல்லை என்று பிறகுதான் தெரிந்தது. வந்தவருக்கு முதலில் ஏதாவது குடிக்கக் கொடுக்க வேண்டும், குடித்த பிறகுதான் பேச்சைத் தொடங்குவார்கள். ஆக, கோப்பை வந்தால் பேசலாம் என்று அவர்கள் காத்திருந்தார்கள். பேசினால் கோப்பையைக் கொண்டுவரலாம் என்று நாங்கள் காத்திருந்தோம். நடுவில் சொக்லட் வாசம் வீடு முழுக்க நடமாடியது.

"நல்ல வாசமொண்டு வருது" என்றார் மாப்பிள்ளையின் அப்பா.

"ஓம், வருது" என்றார் இவர். அதோடு சரி.

திரும்பவும் பனியைப் பற்றிக் கொஞ்ச நேரம்.

நான் சமையலறைக்குள் போனேன். தர்ஷி கரண்டியோடு நின்றாள். "அம்மா, ஊத்தட்டா? இப்பவே கெட்டியாகிக்கிட்டு வருது."

"பொறு. இன்னும் அவங்க ஒண்ணும் சொல்லல."

"என்ன சொல்லணும்?"

"சரின்னு."

"நானும் செந்தூரனும் எப்பவோ சரின்னுட்டோமேம்மா."

"உங்க சரிக்கெல்லாம் கோப்பை கழுவ மாட்டேன். பெரியவங்க சொல்லணும்."

வெளியே எட்டிப் பார்த்தேன். மாப்பிள்ளையின் அம்மா சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குள் வேறொன்று கிளம்பியது. தோட்டத்தில் கணக்கு எழுதுகிற கிளாக்கர் ஐயா வீட்டார் திருவிழாக் காரியமாக லயத்துக்கு வந்தால் வாசலோடு நின்றே பேசிவிட்டுப் போவார்கள். தண்ணீர் வேண்டுமா என்று கேட்டால், "இப்பத்தான் குடித்தோம்" என்பார்கள். எல்லா வருடமும் இப்போதுதான் குடித்திருப்பார்கள். இவர்களுக்கு விஷயம் தெரிந்துவிட்டது, அதனால்தான் வாயைத் திறக்க மாட்டேன் என்கிறார்கள், என் பிள்ளையை வேண்டாம் என்று எப்படிச் சொல்வதென்று யோசிக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். அம்மா தாயே, எங்களை அவமானப்பட விடாதே என்று படத்தைப் பார்த்தேன்.

5

மாப்பிள்ளையின் அம்மாதான் கடைசியில் பேசினார்.

"தங்கச்சி, குறை நினைக்காதேங்கோ. வந்து எவ்வளவு நேரமாச்சு. ஒரு வாய் தண்ணி இல்லை. எங்களைப் பிடிக்கேல்லை எண்டா நேரா சொல்லுங்கோ, நாங்கள் எழும்பிறம்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, என்னக்கா இது? நீங்கதானே ஒண்ணும் சொல்லல. எங்க பக்கம் முடிவு சொல்லாம கை நனைக்க மாட்டாங்களே."

"அதெந்தப் பக்கம்?" என்றார் அவருடைய கணவர். "என்ர சிநேகிதன் ஒருத்தன் கண்டிதான். வீட்டு வாசல்ல கால் வைக்க முன்னம் சாப்பாடு போடுவினம்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், இத்தனை வருடமாகப் பார்க்கிற பார்வை. ஆனால் அவருக்குப் பின்னால் அம்மன் படம் இருந்தது, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. இவருடைய கண்ணைப் பார்ப்பதா, அவளுடைய கண்ணைப் பார்ப்பதா?

"கண்டி இல்லைங்க" என்றேன். "மஸ்கெலியா. ஊசிப்பாறைத் தோட்டம். நானும் இவங்களும் லயத்துல பொறந்தவங்க. எங்கம்மாவும் இவங்கம்மாவும் ஒரே மலையில கொழுந்து எடுத்தவங்க."

சொல்லிவிட்டேன். இவர் கம்பளத்தைப் பார்த்தார். பால் பொங்கியிருந்தாலாவது இறக்க ஓடியிருப்பேன், அது பொங்காத சட்டி.

"அது தெரியும்" என்றார் மாப்பிள்ளையின் அம்மா, வெகு சாதாரணமாக. "தர்ஷினி பழகத் தொடங்கின புதுசிலயே எங்கட தம்பி செந்தூரனுக்குச் சொல்லிப்போட்டாவாம். தம்பி எங்களுக்குச் சொன்னவன். நாங்கள்தான் உங்களிட்டைக் கேக்கேல்லை. உங்கட மனம் நோகும் எண்டு."

நோகுமாம். மூக்கில் புண் இருக்கிறவரோடு பேசும்போது மூக்கைப் பார்க்காமல் பேசுவோமே, அந்த மரியாதை. இத்தனை நாள் இவர் மறைத்தார் என்று நான் இளக்காரமாகப் பேசினேன். இப்போது பார்த்தால் அவர்களும் எங்களுக்காக ஒரு துணியை எடுத்துப் போர்த்தி, ஆளுக்கொரு முனையைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார்கள்.

அதற்கு மேல் மாப்பிள்ளையின் அப்பா சொன்னதுதான் உச்சம். "நாங்கள் அப்பிடியெல்லாம் பாக்கிற ஆக்கள் இல்லை. எங்களுக்கு முழுச் சம்மதம். ஒண்டே ஒண்டு, அழைப்பிதழில பொம்பிளை பகுதி ஊரைக் கண்டி எண்டே போடுவம். எங்கட சனத்துக்கு வாய் சும்மா இராது. ஏன் வீண் கதை?"

அவர்கள் வழக்கத்தில் அழைப்பிதழில் இரண்டு குடும்பத்தின் ஊரையும் தாய் தகப்பன் பேருக்குக் கீழே அச்சடிப்பார்கள். ஊர் இல்லாத பத்திரிகை பத்திரிகையே இல்லை.

"அதான் சரி. அதான் நல்லது" என்று என் வீட்டுக்காரர் எழுந்தே விட்டார். முகத்தில் உயிர் வந்துவிட்டது. இத்தனை வருடமாகத் தனியாகச் சுமந்த பொய்க்குத் தோள் கொடுக்க ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டார் அல்லவா?

முடிவு சொல்லியாகிவிட்டது. வழக்கப்படி இனி ஊற்ற வேண்டும். "பிள்ளை, கொண்டாம்மா" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

தர்ஷி சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்து மேசையில் வைத்தாள். கோப்பைகள் வரிசையாக இருந்தன. மூடியைத் திறந்தாள். எல்லாரையும் ஒரு தடவை பார்த்தாள். திரும்ப மூடினாள்.

"இன்னும் முடியலியே ஆன்டி."

"என்ன பிள்ளை முடியேல்லை?"

"அங்கிள் கண்டிப் பொண்ணுக்குத்தான் சம்மதம் சொன்னாங்க. இங்க அப்படி ஒருத்தியும் இல்ல. எங்க பக்கம் முடிவு சொல்லாம ஊத்த மாட்டாங்க."

எங்க பக்கம். என் வயிற்றில் பிறந்த பிள்ளை வாயில் அந்தச் சொல்லை நான் அதற்கு முன் கேட்டதில்லை. தமிழ் கொஞ்சம் இடறிக்கொண்டுதான் வந்தது. ஆனால் இடறிய இடத்தில் நிற்கவில்லை.

"தர்ஷி, சும்மா இரு" என்றார் இவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

"காலையிலேருந்து உங்களுக்காகத்தாம்ப்பா நின்னு கிண்டினேன். எனக்கு இவங்ககிட்ட மறைக்க ஒண்ணும் இல்ல. நீங்க பயந்தீங்க, பாவம்னு செஞ்சேன். இப்ப அங்கிளும் பயப்படுறாங்க. இன்னும் எத்தன பேருக்காக நான் எத்தன சட்டி கிண்டுறது?"

இவர் உட்கார்ந்துவிட்டார். கோபம் வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கையில் இருந்த கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

நான் செந்தூரனைப் பார்த்தேன். அவ்வளவு நேரம் வாயில் கொழுக்கட்டை வைத்துக்கொண்டிருந்தவன். கட்டிக்கொள்ளப் போகிறவள் தனியாக நிற்கிறாள், இவன் சாக்ஸைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். என் பார்வை சுட்டிருக்க வேண்டும். தலையைத் தூக்கி, "அப்பா, மஸ்கெலியா எண்டே போடுவம்" என்றான்.

"உனக்கு விளங்காது, நீ சும்மா இரு."

"இஞ்சருங்கோ" என்றார் மாப்பிள்ளையின் அம்மா தன் கணவரைப் பார்த்து. "உங்கட சனம் எந்தக் கலியாணத்தில சாப்பிட்டுப்போட்டுக் கதைக்காமப் போனது? சாம்பாருக்கு உப்பில்லை எண்டாவது கதைப்பினம். இந்த முறை மஸ்கெலியாவைக் கதைக்கட்டுமன்."

அவர் மனைவியைப் பார்த்தார், மகனைப் பார்த்தார், மூடிய சட்டியைப் பார்த்தார். கசாயம் குடிக்கிற முகத்தோடு, "சரி. மஸ்கெலியா" என்றார். மனம் மாறிச் சொன்னார் என்று நான் எழுத மாட்டேன். மூன்று பேருக்கு நடுவில் வழியில்லாமல் சொன்னார். வாயால் சொன்னார், எனக்கு அது போதும். சம்மதம் என்பது எங்கள் பக்கம் வாயால் சொல்வதுதான்.

தர்ஷி ஊற்றினாள். ஊற்றினாள் என்பதுகூடத் தப்பு, கரண்டியால் எடுத்து வைத்தாள். அதற்குள் அது கூழ் பதத்துக்கு வந்து, மேலே ஆடை தோல் மாதிரி படிந்திருந்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒரு மிடறு எடுத்துவிட்டு, அதை விழுங்குவதா மெல்லுவதா என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். மதிப்பான சாமான்.

6

வீட்டுக்காரர் அந்த வாரம் என்னோடு அதிகம் பேசவில்லை. திட்டவும் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனோம். வழக்கத்தைவிட அதிக நேரம் அம்மனுக்கு முன்னால் நின்றார். என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை. அது அவர்கள் இரண்டு பேருக்கும் உள்ள விஷயம்.

பிறகு அழைப்பிதழ் அடிக்கக் கொடுக்கப் போனோம். தமிழ்க் கடைகள் இருக்கிற வரிசையில் ஒரு அச்சுக் கடை. கம்ப்யூட்டருக்கு முன்னால் இருந்தவர் மாப்பிள்ளை பக்கத்தை ஏற்கனவே அடித்து வைத்திருந்தார். அப்பா பேர், அதற்குக் கீழே 'ஓய்வுபெற்ற கூட்டுறவுச் சங்க முகாமையாளர்' என்று மேனேஜர் பதவி நீளமாக, அதற்குக் கீழே ஊர்.

"பொம்பிளை பகுதி எந்த ஊர் அண்ணை?"

கடையில் வேறு நாலு பேர் நின்றார்கள், இரண்டு பேர் கோயிலில் பார்த்த முகம்.

"மஸ்கெலியா" என்றார் இவர்.

அந்த ஆள் தட்டினார். "சரி, அவ்வளவுதானே."

"ஊசிப்பாறைத் தோட்டம்னும் போடுங்க."

நான் திரும்பிப் பார்த்தேன். இவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"போட்டாச்சு."

"கீழ் டிவிசன்." தோட்டத்தை மேல், கீழ் என்று இரண்டு டிவிசனாகப் பிரித்திருந்தார்கள், நாங்கள் கீழ்ப் பகுதி.

"கீழ் டிவிசனும் வேணுமே? ஆருக்கண்ணை விளங்கப்போகுது?"

"போடலேன்னா மேல் டிவிசன்காரன் எவனாச்சும் படிச்சிட்டு, இது எங்க ஆளுன்னு சொல்லிக்கிட்டுத் திரிவான்."

கடையில் நின்றவர்களில் ஒருவர் சிரித்தார். இவர் சிரிக்கவில்லை. காரியமாகத்தான் சொன்னார். ஐம்பது தாண்டிய மனிதருக்கு மேல் டிவிசன்காரன் மேல் இருந்த பழைய பகை அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அச்சுக்காரர் தட்டிப் பார்த்தார். எழுத்து வரியை விட்டு வெளியே போனது. "இடம் காணாது அண்ணை. ஊரைச் சின்ன எழுத்தில போடட்டே?"

"வேணாம். எங்க ஊரைச் சின்னதாக்காதீங்க." இவர் குனிந்து, விரலை நீட்டி, திரையில் மாப்பிள்ளை பக்கத்தைத் தொட்டுக் காட்டினார். "இந்தா, ஓய்வுபெற்ற முகாமையாளர்னு இருக்கு பாருங்க. அதைச் சின்னதாக்குங்க."